சக்கரம் நின்ற மத்தியானம்

போன வாரம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் அணைத்துவிட்டு, ரவிக்கை நனைந்து அம்மா சுருண்டு கிடந்தாள். தொட்டு எழுப்பி அவள் கண் திறந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது நானும் கணவரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. இந்த ஏசி எவ்வளவு இழுக்கும் என்று போனைக் கேட்டோம், அது கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் எங்கள் வீடு பட்ட பாடு இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள்.

கீழ்க்கட்டளையில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர். ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் உடம்புக்குச் சூடு ஒத்துக்கொள்ளாமல் போய், ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் குளிர்ச்சியாக வைத்திருக்கச் சொன்னார் என்று அப்பா தன் ஆபீஸில் கழித்துப்போட்ட ஜன்னல் ஏசியை வாங்கிவந்து மாட்டினார். போட்டால் ஈரத்தூசி வாசனை வரும், லாரி கிளம்புகிற சத்தம் வரும். எனக்கு அது சொர்க்கம். அப்பாவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இத்தனை யூனிட் என்ற எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் மொத்தத்துக்கும் ரேட் ஏறிவிடும். சாமிக்குப் பயந்ததைவிட அப்பா அந்த எல்லைக்குத்தான் அதிகம் பயந்தார். ஆபீஸில் ஆளுக்கொரு கணக்குச் சொல்ல, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபிரிட்ஜ், ஃபேன், சாமி அறை ஜீரோ வாட்ஸ் பல்பு வரைக்கும் அணைத்து, ஏசியை மட்டும் ஓடவிட்டார்.

அப்போதெல்லாம் சக்கர மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. மாடிப்படிக்கு அடியில் நின்று, அந்தக் கோடு வந்து வந்து போவதை நானும் அப்பாவும் எண்ணினோம். கீழ்வீட்டு மோட்டார் போட்ட சத்தத்தில் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. எண்ணியிருந்தாலும் பெருக்கத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். தட்டு பேய் பிடித்த மாதிரி சுற்றியது. அப்பா மனக்கணக்குப் போட்டு முடித்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது. மேலே போய், வித்துடலாம் என்றார். அம்மா தானே எழுந்துபோய் ஏசியை அணைத்தாள்.

கடைசி ரீடிங்கைப் பார்க்க மறுபடி இறங்கினோம். வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, தொட்டி நிரம்பி கீழ்வீட்டு மோட்டாரை நிறுத்தினார்கள். சக்கரமும் நின்றது.

விஷயம் புரிந்ததும் அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முன்னைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. ஓனரிடம் போய், உங்கள் மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? காலி பண்ணு என்றால் உடம்பு சரியில்லாதவளை எங்கே கூட்டிப்போவது?

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

நான் அம்மாவிடம் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஓனர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, வெகு மரியாதையாக ஆரம்பித்தாள்.

"சார், நீங்க மோட்டார் போடறப்ப ஒரு குரல் குடுங்க. நாங்க ஏசிய நிறுத்திக்கறோம். ஒரே மீட்டர், ரெண்டையும் தாங்காது பாருங்க."

அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஓனர் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். அப்புறம் சில நாள், படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கும் அப்பாவுக்கும் சோறு இறங்காது. அம்மா ஏசியைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். ஒருநாள் அந்தச் செருப்பு எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. கூடவே ஒரு எலக்ட்ரீஷியன். வயர்மேன் கனெக்ஷனை மாற்றிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஓனர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். இப்போது எங்கள் மாடம்பாக்கம் ஃப்ளாட் மீட்டரில் சக்கரம் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மினுக்குவதோடு சரி.

போன வாரம் அன்றைக்கு அம்மாவுக்கு மோர் கொடுத்துவிட்டு, ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். அவள் டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

"நீங்க வாஷிங் மெஷின் போடறப்ப ஒரு குரல் குடுங்கம்மா. நான் ஏசிய நிறுத்திக்கறேன்" என்றாள், வெகு மரியாதையாக.

நான் பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். செய்யவில்லை.