மொன்ஜியா கட்டிய கம்பைலர்

ஆலை முற்றத்தில் ஆலிவ் கூடைகள் சுவரளவு ஏறியிருந்தன. அடிக்கூடையில் கையை விட்டால் சூடு தெரிந்தது. இன்னும் ஒரு நாள் கிடந்தால் புளித்துவிடும். அரைத்த விழுதைப் பிசையும் தொட்டியோ ஓடவில்லை. சூட்டை அளக்கும் உணரி செத்துப்போயிருந்தது. புது உணரி பேசுவது தொட்டியை இயக்கும் பழைய போர்டுக்குப் புரியவில்லை. போர்டைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலம். ஆலைக்காரர் ஹாஜி பெஷீர் வெந்நீர் வால்வைக் கையால் திறந்து மூடிப் பார்த்தார். வந்த எண்ணெயில் தீய்ந்த வாடை.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த மொன்ஜியாவை அழைத்தார்கள்.

எதையும் சுமக்காதவள் என்று ஸ்ஃபாக்ஸ் ஊரில் அவளுக்குப் பெயர். அண்ணன்மார் மர்செய்க்குக் கப்பலேறியபோது ஆளுக்கு மூன்று பெட்டி. அவள் தூனிஸுக்கு வேலைக்குப் போனதும், பிடிக்காமல் திரும்பியதும் ஒரே தோள்பையோடு. கல்யாணத்தில் மாமியார் கொடுத்த பாத்திரங்களில் ஒரு சட்டியை மட்டும் வைத்துக்கொண்டாள்.

போர்டுக்குப் புது நிரல் எழுத வேண்டும். எழுதியதைப் போர்டிலுள்ள சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் இப்போது எவரிடமும் இல்லை. அவளே தன் லேப்டாப்பில் அதைக் கட்ட உட்கார்ந்தாள். பாதியில் நின்றது. லைப்ரரி எங்கே என்று கேட்டது. எழுத்தைக் காட்டுவது, ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்தில் நகலெடுப்பது என்று எல்லாரும் யோசிக்காமல் எடுத்தாளும் ஆயத்த வேலைகள் அதில்தான் இருக்கும். அந்தச் சிப்புக்கு லைப்ரரி கிடையாது. அதைச் செய்யலாமென்றால் முதலில் கம்பைலர் வேண்டும்.

"சாவியை உள்ள வச்சு வீட்டைப் பூட்டின கதையால்ல இருக்கு இது" என்றார் மெக்கானிக் ரிதா.

"லைப்ரரியே கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடறேன் அண்ணே. அப்புறம் கேக்காது."

"நம்புமா?"

"உங்க வீட்டு அண்ணி மாதிரி இல்ல. சொன்னா நம்பும்."

நம்பியது. வெறும் கம்பைலர் ஒன்று உருவாயிற்று. தேவைப்பட்ட சில வேலைகளை அவளே எழுதிச் சேர்த்தாள். அதற்குள் விவசாயிகள் லாரியோடு வந்து வாசலில் நின்றார்கள். மதியத்துக்குள் தொட்டி ஓடாவிட்டால் காய் பக்கத்து ஆலைக்குப் போய்விடும்.

நிரலைப் போர்டில் ஏற்றினாள். முதல் விளக்கு எரிந்தது. அதோடு சரி. வால்வு அசையவில்லை.

"போச்சு" என்றார் ஹாஜி. "கூடைய லாரியில ஏத்துங்கப்பா, ஏத்திட்டுப் போங்க."

"கொஞ்சம் பொறுங்க ஹாஜி."

அவள் எதையும் திருத்தவில்லை. கம்பைலர் என்ன எழுதித் தந்திருக்கிறது என்று பிரித்து, கட்டளை கட்டளையாகப் படித்தாள். நகலெடுக்கும் பகுதிக்கு வந்ததும் சிரித்துவிட்டாள்.

"ரிதா அண்ணே, இதை ரிதாகிட்ட கேளுன்னு உங்களையே அனுப்பினா என்ன செய்வீங்க?"

"ரிதாவைத் தேடிக்கிட்டே அலைவேன்."

"அதேதான் நடக்குது."

நகலெடுப்பதற்கு, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் ஒரு சிறு சுற்றை அவள் எழுதியிருந்தாள். கம்பைலர் அதைப் பார்த்து, இது நகலெடுக்கும் வேலைதானே, அதற்கென்றே ஆயத்தமாக ஒன்று இருக்குமே என்று சுற்றை நீக்கி, அதன் பெயரைச் சொல்லி அழைத்திருந்தது. அந்தப் பெயர் கொண்டது அவள் எழுதிய இந்தப் பகுதியேதான். தன்னையே அழைத்தது, அழைத்துக்கொண்டே இருந்தது. லைப்ரரி உள்ள இடமாயிருந்தால் நல்ல யோசனைதான்.

வேறு யாராவதாயிருந்தால் கம்பைலரைத் திட்டியிருப்பார்கள். "புத்திசாலிதான். இடம் தெரியல, பாவம்" என்றாள் மொன்ஜியா. நான் எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொள் என்று ஒரு கட்டளையைச் சேர்த்து மறுபடி ஏற்றினாள்.

விளக்கு. பிறகு வால்வு மெல்லத் திரும்பும் ஓசை. தொட்டியின் சூடு ஏறி, ஏற வேண்டிய இடத்தில் நின்றது. பிசைகோல் சுழன்றது. ஹாஜி வாசலுக்குப் போய், லாரியில் ஏற்றிய கூடைகளைத் தன் கையாலேயே இறக்க ஆரம்பித்தார்.

முதல் எண்ணெயைக் கிண்ணத்தில் பிடித்து, ரொட்டியைப் பிய்த்து நனைத்து அவளிடம் நீட்டினார்.

"அந்த லைப்ரரி எப்போம்மா வரும்?"

"வராது ஹாஜி. இதுக்கு அது வேண்டியதில்ல."

அவர் பெரிய தகரம் நிறைய எண்ணெய் பிடித்து அவளுடைய மோட்டார் சைக்கிளில் கட்டப் போனார். அவள் தடுத்து, ஒரு பாட்டில் மட்டும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.