ஒதிலியாவின் முப்பத்தோரு காலண்டர்கள்

எங்கள் ஊர் சிலே நாட்டுக் கடற்கரையில், செம்பு உருக்கும் ஆலையின் புகைபோக்கிகளுக்கு அடியில் இருக்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தும் சொந்த உழைப்பில் லாரி வாங்கினேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்சிய ஆள் ஒருத்திதான் உண்டு, பக்கத்து வீட்டில் துணி வெளுக்கும் ஒதிலியா.

காயப்போட்ட வெள்ளைத் துணியில் ஆலைக் கரி படிந்து, மறுபடி துவைக்க நேர்ந்த நாளிலெல்லாம் காலண்டரில் ஒரு சிலுவைக்குறி போடுவாள். முப்பத்தோரு வருடம் போட்டாள்.

போன மாதம் அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'புகை பிடிப்பவர்' என்று எழுதியிருந்தது. அவளோ ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை.

"பெலார்மினோ அண்ணே, லாரிய எடுங்க. அந்தப் பொய்ய அடிச்சாதான் ஊசிக்குக் கைய நீட்டுவேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குள் காலண்டர் கட்டை நானே சுமந்தேன். எழுபத்து மூன்று வயதில் வேறு எவன் சுமப்பான்?

டாக்டர் சிரித்தார். "எதுக்கும்மா இதெல்லாம்? போன வருஷங்களத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"நான் புகை பிடிக்கல டாக்டர். புகைதான் என்னப் பிடிச்சுது. குறிகள எண்ணிப் பாருங்க."

அவர் புரட்டப் புரட்ட சிரிப்பு நின்றது. "இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் காத்த வருஷக்கணக்கா சுவாசிச்சா ஆபத்து கூடும். அத எழுதறேன்."

பழைய வார்த்தையை அடித்துவிட்டு எழுதினார். ஒதிலியா எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டாள்.

"இப்போ போடுங்க."