அயிரை ஏறிய வயல்

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றரை மணிக்கு இராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறினோம். எனக்குப் பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். என் மனைவிக்குக் கட்டணம் இல்லை.

"என் டிக்கெட்டு மிச்சந்தான, அதுல பால்கோவா வாங்குங்க" என்றாள்.

பிள்ளைகளே, பன்னிரண்டு ரூபாயில் பால்கோவா வாசனை மட்டும்தான் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கால் கிலோ வாங்கிக்கொண்டு ஆட்டோவில் மேற்கே போனோம். அங்கே கண்மாய்க்கரை ஊரில் என் தங்கை எஸ்தர் இருக்கிறாள்.

கண்மாய் நிறைந்து மடை திறந்திருந்தார்கள். வாய்க்கால் ஓரம் நடந்தபோது என் வேகம் தானாகக் குறைந்தது. நான் சிறுவனாய் இருந்தபோது மடைத் தண்ணீரோடு அயிரையும் கெண்டையும் கூட்டமாக வரும். நடவு வயலுக்குள் ஏறி முட்டையிடும். வரப்பில் வெட்டிய சிறு திறப்புக்கு வாமடை என்று பெயர். அதில் கையை வைத்தால் மீன்கள் விரலை முட்டிக்கொண்டு போகும். முட்டையிட்ட பிறகு கீழ் வரப்பு வாமடையைத் திறந்துவிடுவோம். அவை வடிகால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும்.

எஸ்தரின் வயலிலும் அயிரை ஏறியிருந்தது! நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஓடியது. ஆனால் கீழ் வாமடையை மண் போட்டு அடைத்திருந்தார்கள். மாப்பிள்ளை, அதாவது எஸ்தரின் கணவர், வரப்பில் உட்கார்ந்து மணலில் களைமருந்து கலந்துகொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். செத்த நேரம் உக்காருங்க, வீசிட்டு வாரேன்."

"மீன் கெடக்கே மாப்பிள?"

"கெடக்கட்டும். நட்டு மூணு நாளாச்சு, இன்னைக்கு விட்டா அம்புட்டும் களையாப் போயிரும். மருந்து வேலை செய்யணும்னா தண்ணி நிக்கணும். எங்க முறைத்தண்ணியும் சாயங்காலத்தோட முடியுது. மீனுக்காகத் தொறந்துவிட்டா மறுபடி எங்க போயி நெரப்ப?"

அவர் சொன்னதில் தப்பில்லை. களை பறிக்கிற பெண்கள் எல்லாம் இப்போது காலையிலேயே மில் வேனில் ஏறிவிடுகிறார்கள்.

எஸ்தர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "போன தடவ மருந்து வீசின மறுநாளு மீனு, நத்தை, நண்டு எல்லாம் செத்து மிதந்துச்சே, மறந்துட்டீகளா? அதுக்குப் பொறவு ஒரு கொக்கு வந்துச்சா இந்தப் பக்கம்? புழு மட்டும் எம்புட்டு வந்துச்சு! அதுக்குத் தனியா ஒரு மருந்து அடிச்சீக."

"அப்போ களைய யாரு எடுப்பா? கொக்கா?"

"நான் எடுக்கேன். அண்ணனும் மதினியும் ஞாயித்துக்கிழமை வருவாக."

என்னை யாரும் கேட்கவே இல்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை மணலைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பக்கத்து வயல்காரர்கள் நேற்றே மருந்து வீசிவிட்டார்கள். களை மண்டினால் ஊரே இவரைப் பார்த்துத்தான் சிரிக்கும். மண்வெட்டியை எடுத்தார். ஒரே வெட்டு. அடைப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தது, அயிரைகள் வெள்ளி வெள்ளியாகப் புரண்டு வடிகாலில் விழுந்தன. சேற்றில் சிக்கியவற்றை அவரே கைநிறைய அள்ளி விட்டார்.

"போங்க. அந்தக் கண்மாயில போயிச் சொல்லுங்க, இங்க ஒரு கிறுக்கன் இருக்கான்னு."

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் தெருவில் வாய்க்கால் என்றால் சாக்கடைதான். அதில் கொசு தவிர எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை.

எஸ்தர் சொன்னபடி, அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு களை பறிக்கப் போனோம். பேண்டேஜ் கம்பெனியில் நின்றே வேலை பார்த்த என் இடுப்பு குனிய மாட்டேன் என்றது. களையும் கொஞ்சமாக இல்லை. மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அடுத்த முறைத்தண்ணீர் வந்து வயலில் கணுக்கால் அளவு நின்றது. பாதி வயல் போனபோது என் காலை ஏதோ உரசிக்கொண்டு ஓடியது.

"மாப்பிள, அயிரை!" என்றேன்.

"நண்டா இருக்கும், வேலையப் பாருங்க" என்றார். ஆனால் அவரும் குனிந்தபடியே, காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.