கண்மாய்க்குள் தண்ணீர் நுழையும் சத்தம்

காலை மணி ஆறே முக்கால். மதுரை ஜங்ஷனில் இறங்கினேன். தோளில் டேப் ரெக்கார்டர், கையில் இரண்டு மைக் அடங்கிய பெட்டி. வருஷம் 1982, புரட்டாசி முதல் வாரம். கோடம்பாக்கத்தில் சினிமாப் படங்களுக்குச் சத்தம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வெடித்துக் கிடக்கும் கண்மாய்க்குள் முதல் தண்ணீர் நுழைகிற காட்சிக்குச் சாக்கின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றிச் சத்தம் எடுத்துக் கொடுத்தேன். டைரக்டர் கேட்டுவிட்டு, "இது எங்க வீட்டு பாத்ரூம்ங்க" என்றார். திங்கட்கிழமைக்குள் நிஜச் சத்தம் வராவிட்டால் வெளிநாட்டு இசைத்தட்டிலிருந்து ஏதோ ஓர் ஓடையை எடுத்துப் போட்டுவிடுவாராம். மதுரைக் கண்மாய்க்குச் சீமை ஓடையா? அந்த வயிற்றெரிச்சலில்தான் ரயிலேறினேன். சத்தத்தைப் பிடிக்காமல் திரும்புவேன் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

ஏழரைக்கு மேலூர் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய், முக்கால் மணிக்கு மேல் ஓட்டம். "பெட்டிய பானெட்டு மேல வைங்க சார், பத்திரமா இருக்கும்" என்றார் கண்டக்டர். வைத்துவிட்டு, ஒத்தக்கடை தாண்டும்வரை யானைமலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேலூரில் செல்லத்துரை சைக்கிளோடு காத்திருந்தார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எனக்குக் கடிதப் பழக்கம். கால்வாய் திறந்தாயிற்று, இன்று உச்சிக்குள் தண்ணீர் எட்டும் என்று தந்தி கொடுத்தவரும் அவர்தான். நாலு கிலோமீட்டர் கிழக்கே ஒரு கண்மாய். தண்ணீர் வரும் நாளில் அங்கே பூஜை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய குழாய் ஸ்பீக்கர் கரையில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். கிரிஸ்டல் மைக் செத்திருந்தது. பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஸ் இன்ஜினின் சூட்டில் அது பிழைக்காது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான், யாரை நொந்துகொள்வது? மிச்சமிருந்த டைனமிக் மைக் சூடு தாங்கும். ஆனால் நாலு பக்கச் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். அதனால் கரையில் கூடியிருந்த பெண்களிடம் போனேன்.

"தண்ணி வர்றப்ப ரெண்டே நிமிஷம் சத்தம் போடாம இருக்கணும்மா."

நடவுப் பெண்களுக்குத் தலைவி பாண்டியம்மாள். என் வயதுதான் இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாக் காஞ்சு கெடந்த கம்மா. தண்ணி உள்ள வாரப்ப குலவை போடாம வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"கொஞ்சம் தள்ளி நின்னு போடுங்களேன்."

"தாலி கட்டுற எடத்துல குலவை போடுவாகளா, பந்தியில போடுவாகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

செல்லத்துரை காதோரம் வந்தார். "அண்ணே, நம்ம குழாயக் கழட்டித் தரையில கவுத்துருவோமா? அது வயர ஒங்க மிசின்ல மைக்கு சொருகுற எடத்துல குடுங்க. கத்துற குழாய் கேக்கவுஞ் செய்யும்ணே."

ஸ்பீக்கருக்குள்ளும் மைக்குக்குள்ளும் அதே காந்தம், அதே கம்பிச் சுருள். எனக்குத் தெரியாததா? தெரியும், தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"குழாய்க்குள்ள தண்ணி போயிட்டா?"

"அதுக்கு முன்னாடி இழுத்துர மாட்டேன்? அம்புட்டுக் கைவேகம் இருக்குண்ணே."

வெடிப்புகளின் மேல் குழாயைக் கவிழ்த்து வெளிச் சத்தம் நுழையாமல் விளிம்பைச் சுற்றி மண் அணைத்தோம். மிஷினில் இரண்டு மைக் போடலாம்: குழாய் வலது காதுக்கு. இடது சும்மா கிடப்பானேன் என்று டைனமிக்கை ஒரு கம்பில் கட்டி வைத்தேன்.

பதினொன்றேகால். டேப்பை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வரத்துக்கால் வழியே நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஊர்ந்து வந்தது. அதன் முன்னால் பூச்சிகள் துள்ளின. பின்னாலேயே கொக்குகள் பொறுக்கிக்கொண்டு நடந்தன. குலவை வெடித்தது. இடது காது அடைத்துக்கொண்டது. வலது காதில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல மெல்லிய சீறல். வெடிப்புக்குள்ளிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. குலவை பக்கத்து ஊர்ச் சத்தம்போலத் தூரத்தில் கேட்டது. நாற்பது விநாடி. செல்லத்துரை குழாயைப் பிடுங்கியபோது நான் குதித்தேவிட்டேன். ஜெயித்தாயிற்று!

"என்ன அம்புட்டுச் சந்தோசம்?" என்று வந்தாள் பாண்டியம்மாள். டேப்பைப் பின்னோட்டி மறுபடி போட்டு, ஹெட்போனின் வலது பக்கத்தை மட்டும் அவள் காதில் வைத்தேன்.

"ஆத்தாடி, கம்மா தண்ணி குடிக்குது!" என்றவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "எங்க கொலவை எங்க?" என்றாள்.

"அது இன்னொரு காதுல இருக்கு. எனக்கு வேண்டாம்."

இடது பக்கத்தையும் இழுத்து மாட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தேன் எங்க கம்மா. ஒத்தக் காதுல கேட்டா ஏதோ வேத்தூருக் கம்மாயா இருக்கு."

திரும்பும் ரயிலில் அப்படியும் இப்படியும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எங்கள் சென்னைத் தெருவிலும் பம்பில் தண்ணீர் வந்தால் பெண்கள் கூடுவார்கள்; குடங்கள் மோதும், சண்டை நடக்கும். தண்ணீரைப் பார்த்து யாரும் குலவை போட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை டைரக்டர் இரண்டு காதிலும் கேட்டார். "பிரமாதம்! அந்தப் பொம்பளைங்க சத்தத்தை மட்டும் எடுத்துடுங்க."

இடது பக்கத்துக் குமிழைத் திருகினால் முடிந்தது. அரை விநாடி வேலை.

"முடியாதுங்க," என்றேன். "ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு."