நீட்டாமல் விட்ட நூன்

சிவரூபினியின் வேலையில் பிழை பிடிக்க இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கூடுதலாகச் சொன்னது சிவரூபினிதான். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகி, டென்மார்க்கில் மீன் வெட்டிக் கை விறைத்து, கடைசியில் லண்டனில் ஓர் ஆய்வு நிலையத்தில் அந்த விரல்களுக்கு மரியாதை தேடிக்கொண்ட மனுஷி அவர். ஹரோவிலிருந்து ரயிலேறி, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கவே கணினியைத் திறந்துவிடுவார்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அரேபியப் பாலைநிலத்தில் வாழ்ந்த நபதேயர் கல்லில் வெட்டிய எழுத்துகளைப் படத்தில் பார்த்து, கணினியில் ஏற்றுவது வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். சிலவற்றுக்கு இரண்டு. நூன் என்ற எழுத்து சொல்லின் நடுவில் குட்டையாக நிற்கும், 10895. சொல்லின் முடிவில் காலை நீட்டிக்கொள்ளும், 10894. எந்தெந்தக் கல்லில் கால் நீள்கிறது என்பதுதான் ஆய்வே. நீண்ட நூனுக்கு விசைப்பலகையில் தனி விசை கிடையாது. ஒவ்வொரு தடவையும் எண்ணை அடிக்கவேண்டும். அலுத்துப்போன சிவரூபினி, பிறகு திருத்தலாம் என்று எல்லா இடத்திலும் குட்டை நூனையே அடித்தார். அந்தப் பிறகு வரவேயில்லை.

சரிபார்ப்பவன் பக்கத்து மேசை மேர்வின். அக்கா அடித்தது என்று திறந்தும் பாராமல் கையெழுத்து வைத்தான். அறுநூறு கல்வெட்டுகள் பிழையென்று தெரிந்தபோது மேலாளர் சிவரூபினியைத்தான் முதலில் கேட்டார். "திருத்தச் சொல்லி மேர்வினிடம் கொடுத்தேனே" என்று வாய் தானாகப் பொய் சொன்னது. மேர்வினின் வேலை போனது. விடைபெறும் நாளில் கேக் வெட்டியதும் சிவரூபினிதான். அவனுக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்து அவன் அவருக்குப் போன் எடுத்தான். "அக்கா, புது வேலைக்கு ஒரு றெபரன்ஸ் கடிதம் வேணும். தருவியளே?"

ஈஸ்ட் ஹாமில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தார்கள். சிவரூபினிக்கு முகம் பார்க்க ஏலவில்லை.

"மேர்வின், உம்மட்ட நான் ஒண்டும் திருத்தச் சொல்லேல்லை. பொய் சொன்னனான்."

"தெரியும் அக்கா."

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"உங்களைப் பொய்க்காரி எண்டு சொல்ல வாய் வரேல்லை. பாராமல் கையெழுத்து வைச்சதும் உண்மைதானே."

சிவரூபினி அங்கேயே போனை எடுத்து, நடந்ததை மேலாளருக்கு எழுதி அனுப்பினார். தன் வேலை போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினார். மேர்வின் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"கேக் வெட்டேக்க சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா" என்றான்.