ஒரே நெகட்டிவ், இரண்டு படங்கள்

அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இன்று மணவாள நகர் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர் எடுத்த படங்களை அவ்வளவாகத் தெரியாது. அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நைனா படுத்த படுக்கையானதும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அங்கே இரும்புத் தொட்டிகளின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பிலிமை இருட்டறையில் கழுவுவது அக்காவின் வேலை. மற்றவர்கள் அந்த அறையைக் கண்டாலே ஓடுவார்கள். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று.

"உள்ள போய்ட்டா தண்ணிக்கு அடியில கீற மாதிரி இருக்கும்டி" என்பார்.

பிறகு பழைய கேமரா ஒன்றும், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் ஒன்றும் வாங்கினார். வாடகை வீட்டுக் குளியலறை இருட்டறையானது. சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் மிதக்கும் வெள்ளைத் தாளில் முதலில் ஏதோ புகை மாதிரி தெரியும். அது ஒரு படகாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழவேற்காட்டு ஏரி முழுவதும் சத்தமில்லாமல் வந்து நிறையும். குளிக்க வேண்டியவர்கள் துண்டோடு வெளியே காத்திருப்போம்.

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமாவுக்கு மணவாள நகரில் டிஜிட்டல் பிரிண்ட் கடை. கல்யாண பேனர் போடுவது பிழைப்பு; பருத்தித் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் கலைப்படங்கள் அச்சிடுவது ஆசை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இதில்தான் சண்டை. அக்காவின் படத்தில் கறுப்பு என்பது வெளிச்சம் பட்டுக் கறுத்துத் தாளுக்குள் படிந்த வெள்ளி. எட்டிப் பார்த்தால் கிணறு போல ஆழம் காட்டும். கையால் செய்வதால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. மாமாவின் படத்தில் மை தாளின் மேல் மெத்தென்று அமர்ந்திருக்கும். எத்தனை போட்டாலும் அதே படம். நிழலுக்குள் மறைந்திருப்பதையும் வெளியே கொண்டுவந்துவிடலாம்.

"உன் படத்துல பாதி இருட்டாவே கீது" என்பார் மாமா.

"உங்க படத்துல இருட்டே இல்ல. அது இன்னா படம்?" என்பார் அக்கா.

பழவேற்காட்டில் தேசம்மா என்ற மீனவப் பெண் குடிசை வாசலில் அமர்ந்து வலை பின்னுவதை அக்கா ஒருமுறை படம் எடுத்திருந்தார். தேசம்மாவுக்குப் பின்னால் வாசல் முழுவதும் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்காகவே அந்தப் படத்தை அக்கா நேசித்தார். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அதைப் பெரிதாகக் கேட்டபோது, மாமா நெகட்டிவை ஸ்கேன் செய்து திரையில் வெளிச்சத்தைக் கூட்டினார்.

"இங்க வாயேன். உள்ள யாரோ குந்திகினு கீறாரு பாரு."

அக்கா கோபத்தோடு போனார். "அந்தக் கறுப்புதாங்க படமே. அதப் போயி வெளுக்க வச்சிட்டீங்களே" என்றவர், திரையைப் பார்த்ததும் கிட்டே குனிந்தார். உள்ளே இருந்தவர் தேசம்மாவின் கணவர். படம் எடுத்த பிறகு ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது.

இருட்டறைப் பிரதியையும் மாமாவின் பிரதியையும் எடுத்துக்கொண்டு மூவரும் பழவேற்காட்டுக்குப் போனோம். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத மூட்டமான காலை. தேசம்மா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாமா, ஊட்டுக்குள்ளயா குந்திகினு இருந்தாரு? நான் அவரு அன்னிக்குப் படவுக்குப் போய்ட்டாருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த முகத்தைத் தொட்டார்.

"இத நீங்களே வச்சிக்கங்கமா" என்று மாமாவின் படத்தைக் கொடுத்துவிட்டு, அக்கா தன்னுடையதைச் சுருட்டப் போனார்.

"அதயும் குடு. அதுலயும் அவரு கீறாருதான? தெர்ல, அவ்ளோதான்."

திரும்பி வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பிரதி மறுபடி போட்டார்கள். கண்காட்சியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னார் அக்கா.

பிறகு அக்காவின் மார்பில் நோய் வந்தது. சிகிச்சை தொடங்கியதும் இருட்டறையில் படம் கழுவும் ரசாயன மருந்துகளின் வாடையே ஆகாமல் போயிற்று. மாமாவின் கடையில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பு வைங்க."

"வச்சிட்டேன்மா. இதுக்கு மேல வச்சா தாளு ஊறிப்பூடும்."

அக்கா சிரித்துக்கொண்டே தாளை வாங்கி விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். அந்த இயந்திரத்தின் முணுமுணுப்பில் பிற்பகல்களில் அப்படியே தூங்கிவிடுவார். ஒரு காலையில், வீட்டில், அப்படியொரு தூக்கத்திலேயே போய்விட்டார்.

அக்காவைத் தாங்கிப் பிடித்த கம்பெனித் தோழிகளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், கருவாட்டோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தேசம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்த மலரின் அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. அக்காவை எடுத்த படங்கள் கணினியிலேயே நிறைய இருந்தன. மாமா அவற்றை விட்டுவிட்டு, அக்காவின் முகம் இருந்த ஒரு நெகட்டிவைத் தேடி எடுத்தார். அதுவரை அவர் இருட்டறைக்குள் நுழைந்ததே இல்லை. அக்கா செய்யும்போது பார்த்திருந்ததை வைத்து நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, தாளை மருந்தில் போட்டார். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் வகிடு தெரிந்தது. அப்புறம் கண்கள்.

"வந்துட்டா பாரு" என்றார் மாமா.

"எடுங்க மாமா. கறுத்துடும்."

"இருமா. ஒரு நிமிசம் இரு."

அட்டையில் அக்காவின் முகம் சற்றுக் கறுத்திருப்பது அதனால்தான். மாற்றித் தரட்டுமா என்று அச்சகத்தார் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.