தனபாலனின் நாலாவது குழாய்

அடையாறில் ஓர் ஆய்வகத்தில் சகினாவுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. தொண்ணூற்றாறில் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. எச்.ஐ.வி. உள்ள நாற்பது பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதம் உதிர்ந்து ரத்தத்தில் மிதக்குமாம். நோய் முற்றும்போது அதன் அளவு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் வெங்கடரமணன் அவளுக்கு அவ்வளவுதான் விளக்கினார்.

கூட வேலை பார்த்த இரண்டு பேர், ஊசி குத்தி நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். நாற்பது பேரும் சகினா தலையில். வீட்டில் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பதாகச் சொல்லிவைத்திருந்தாள்.

பட்டினப்பாக்கத்துத் தனபாலன் மீன் லாரி ஓட்டியவர். மூன்று முறை தவறாமல் வந்தவர், நாலாவது முறை வரவில்லை. டாக்டர் போய்ப் பார்க்கச் சொன்னார். ஐஸ் பெட்டியைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தெருவில் விசாரித்தவர்களிடம் லாரி ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவர் பாயில் கிடந்தார். கை குச்சியாகியிருந்தது. நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு முறை குத்தினாள்.

"இத்தால எனக்கு இன்னா ஆவும் சிஸ்டர்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "உங்களுக்கு ஒரு பலனும் இல்ல அண்ணே," என்றாள். "மருந்தும் தரமாட்டாங்க."

அவர் மற்ற கையை நீட்டினார். அதில் நரம்பு கிடைத்தது; நாலாவது குழாய் நிரம்பியது.

எல்லார் ரத்தத்தையும் ஒரே நாளில் சோதித்தார்கள். சோதனைத் தட்டின் சின்னக் குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின; புரதம் கூடக் கூட மஞ்சள் அடரும். தனபாலனின் நாலாவது குழாய்க்கு உரியதுதான் எல்லாவற்றிலும் அடர்த்தி. அளவை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"ஏறிக்கீதா?" என்றார். "மாடிப்படி ஏறச்சொல்ல மூச்சு வாங்குச்சே, அப்பவே தெரிஞ்சுபோச்சு சிஸ்டர். ஒரு வார்த்த வந்து சொன்னியே, அது போதும்."

மாசி மாதம் இறந்துபோனார். அவள் சாவுக்குப் போகவில்லை. யாரென்று சொல்லிக்கொண்டு போவது?

சித்திரையில் புதிதாக ஆறு பேர் சேர வந்தார்கள். கையெழுத்து வாங்குமுன், இதில் மருந்து கிடைக்காது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் கோபித்துக்கொண்டார். நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு மீதி நாலு பேருக்கும் ரத்தம் எடுக்க ஊசியைத் தயார் செய்தாள்.